சேவை செய்ய வந்துவிட்டுக் காசு கேட்கலாமா? ஒரு சட்டக் கல்லூரி மாணவியின் கேள்வி

கேள்வி: சென்னையை ஒட்டியுள்ள ஓர் அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். வீடு வியாசர்பாடி. அப்பா கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். மே மாதம் ஆனால் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்விடுவேன். போன வருடம் 14,000 ரூபாய் கிடைத்தது, புத்தகச் செலவும் தம்பி ஸ்கூல் செலவும் அதில்தான். இந்த வருடம் சட்ட உதவி, மனித உரிமை என்று ஏதாவது ஓர் இடத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. ஒரு தொண்டு நிறுவனத்தில் கேட்டேன், தாராளமாக வாங்க, ஆனால் ஸ்டைபெண்ட் கிடையாது என்றார்கள். ஒரு சீனியர் வக்கீலிடம் கேட்டேன், ‘இதெல்லாம் உன் தொழிலுக்கு நீ போடுற முதல்மா, சேவை செய்ய வந்துட்டுக் காசு கேட்கக் கூடாது’ என்றார். அமெரிக்காவில் இந்த மாதிரி வேலைக்குச் சட்ட மாணவர்களுக்குப் பணம் தருகிறார்கள் என்று கூடப் படிக்கும் பெண் சொல்கிறாள். இங்கே அப்படி ஏதாவது உண்டா? நான் காசு கேட்பது தப்பா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

தப்பே இல்லை. முதலில் அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

அந்த சீனியர் சொன்ன ‘முதல்’ கதையை இந்தத் தொழிலில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். முதல் போட வேண்டுமென்றால் கையில் முதல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அப்பா வக்கீலாக இருக்கிற பையன் மே மாதம் முழுக்க யாருடைய சேம்பரில் வேண்டுமானாலும் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம், சாயங்காலம் வீட்டில் சாப்பாடு இருக்கும். நீங்கள் அதே ஒரு மாதம் உட்கார்ந்தால் தம்பி ஃபீஸ் நின்றுவிடும். இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரை என்றால் அதன் பலன் என்ன? ஏழைகளுக்காக வாதாடும் வேலைக்கு ஏழை வீட்டுப் பிள்ளைகள் வர முடியாமல் போவதுதான். சட்ட உதவி மையங்களில் வந்து உட்காரும் மாணவர்களைப் பார்த்தாலே இது தெரியும், வெளிமாநிலத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், நல்ல பிள்ளைகள், குறை சொல்லவில்லை, ஆனால் புழல் ஜெயிலில் இருக்கிறவர் பேசும் தமிழ் அவர்களில் பாதிப் பேருக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும்.

இன்னொன்று, இந்த ‘காசு கேட்கக் கூடாது’ பேச்சை நீதிமன்றமே ஏற்கவில்லை. 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்கப்படுவதை, வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சில் உறுதி செய்ய வேண்டும் என்று சொன்னது. அதே வருடம் அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று ஒரு சுற்றறிக்கை விட்டது. தம்புச் செட்டி தெருவில் எத்தனை சேம்பரில் அது நடக்கிறது என்பது வேறு கதை, அதோடு இது பதிவு செய்த ஜூனியர்களுக்குத்தான், உங்களைப் போன்ற மாணவர்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் உழைப்புக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று உயர்நீதிமன்றமே சொன்ன பிறகு நீங்கள் கூச வேண்டியதில்லை.

சரி, அமெரிக்கா. உங்கள் தோழி சொன்னது பாதி சரி. அங்கேயும் சட்ட உதவி அலுவலகங்களிலும் மனித உரிமை அமைப்புகளிலும் மாணவர்களுக்குக் கொடுக்கப் பெரும்பாலும் பணம் கிடையாது, அந்த அமைப்புகளும் நம் ஊர் அமைப்புகள் மாதிரியே இழுத்துப் பிடித்துத்தான் ஓடுகின்றன. பணம் வருவது வேறு பக்கத்திலிருந்து. மாணவர் முதலில் வேலையைத் தேடிப் பிடித்துவிடுவார், அந்த அமைப்பிடமிருந்து ஒரு கடிதம் வாங்குவார், அதைக் கொண்டுபோய்த் தன் கல்லூரியில் கொடுப்பார், கல்லூரி அந்தக் கோடைக்கு ஒரு தொகை தரும். ஹார்வர்டில் இதற்கென்றே கோடைக்காலப் பொதுநலப் பணி நிதி இருக்கிறது, மற்ற பல கல்லூரிகளிலும் வேறு வேறு பெயரில் உண்டு. தொழிலாளர் சட்டத்தில் ஆர்வமுள்ளவர்களுக்குப் பெக்கி பிரௌனிங் நிதி என்று தனியாக ஒன்று இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது மாணவர்களே பணம் திரட்டும் விதம்: வருடத்துக்கு ஒருமுறை ஏலம் நடத்துவார்கள், பேராசிரியர் தன் வீட்டில் விருந்து வைக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பார், அதை ஏலம் விட்டு வரும் பணம் நிதிக்குப் போகும். கோடையில் பெரிய கம்பெனி வக்கீல் அலுவலகங்களுக்குப் போய்க் கைநிறையச் சம்பளம் வாங்கும் மாணவர்கள் தங்கள் ஒரு நாள் சம்பளத்தை, சட்ட உதவிக்குப் போகும் வகுப்புத் தோழர்களுக்குக் கொடுக்கும் வழக்கமும் பல கல்லூரிகளில் இருக்கிறது.

அந்த நிதிகள் அங்கே படிக்கும் மாணவர்களுக்குத்தான், உங்களுக்குக் கிடைக்காது. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். வேலை கேட்கும் இடம் வேறு, பணம் கேட்கும் இடம் வேறு. நீங்கள் அந்தத் தொண்டு நிறுவனத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டீர்கள், ஸ்டைபெண்ட் இல்லை என்று சொன்னதும் வேலையும் போய்விட்டது என்று திரும்பி வந்துவிட்டீர்கள். வேலை போகவில்லை. அவர்கள் ‘தாராளமாக வாங்க’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதை எழுத்தில் வாங்குங்கள். பணத்துக்கு என்ன வழி என்று பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் இங்கே நேரடியாகப் பணம் வரும் வழிகளைப் பார்த்துவிடலாம், அதிகமில்லை.

தில்லியில் தேசிய மனித உரிமை ஆணையம் மாணவர்களுக்குக் கோடை இன்டர்ன்ஷிப் நடத்துகிறது, கொஞ்சம் ஸ்டைபெண்டும் உண்டு. கல்லூரியின் பரிந்துரையோடு விண்ணப்பிக்க வேண்டும், போட்டி அதிகம். ரயில் டிக்கெட், தில்லியில் தங்கும் செலவு, மே மாத வெயில் எல்லாவற்றையும் கழித்தால் உங்கள் கையில் மிஞ்சுவது ஒன்றுமிருக்காது. வீட்டில் பணக் கஷ்டம் இல்லையென்றால் போங்கள் என்பேன். உங்களுக்கு இந்த வருடம் வேண்டாம். ஆணையம் ஆன்லைனிலும் குறுகிய கால இன்டர்ன்ஷிப் வைக்கிறது, அதை வேண்டுமானால் செமஸ்டர் நடுவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது பி.எல்.வி. என்று கோர்ட்டில் சொல்லும் பாரா லீகல் வாலண்டியர், அதாவது சட்ட உதவித் தன்னார்வலர் வேலை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, நம் மாநில ஆணைக்குழு வடகோட்டைச் சாலையில் உயர்நீதிமன்றத்தை ஒட்டியே இருக்கிறது. இந்த ஆணைக்குழுக்கள் பி.எல்.வி.களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு அனுப்பும், சட்ட மாணவர்களும் சேரலாம், வேலை செய்யும் நாளுக்கு மதிப்பூதியம் உண்டு. பெரிய தொகை இல்லை, மாதம் முழுக்க வேலை கொடுப்பார்கள் என்றும் நம்பாதீர்கள், பில் போட்டுப் பணம் வரத் தாமதமாகும். ஆனால் இன்டர்ன் என்றால் ‘ஓரமாக உட்காருமா’ என்பார்கள், பி.எல்.வி. என்றால் அடையாள அட்டை இருக்கும், செய்ய வேண்டிய வேலை என்று ஒன்று கையில் இருக்கும். சேர்க்கை எப்போது வேண்டுமானாலும் நடக்காது, அறிவிப்பு வரும்போதுதான். ஆகவே மாவட்ட ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய், அடுத்த தேர்வு எப்போது என்று கேட்டு வைத்துவிட்டு வாருங்கள். போனில் கேட்டால் ஒன்றும் நகராது.

மூன்றாவது, தொண்டு நிறுவனங்களில் சில நேரம் ப்ராஜெக்ட் பணம் இருக்கும். ஸ்டைபெண்ட் என்று கேட்டால் இல்லை என்பார்கள், ஏனென்றால் அவர்கள் பட்ஜெட்டில் அந்தப் பெயரில் தலைப்பே இருக்காது. கள ஆய்வுக்குப் போக்குவரத்துப்படி, மொழிபெயர்ப்புக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று தலைப்பு இருக்கும். சர்வே நடக்கிறதா, தமிழ் வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் மாற்ற ஆள் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். சென்னையில் குடிமக்கள் உரிமை, நுகர்வோர், சுற்றுச்சூழல் என்று 1985-இலிருந்து இயங்கும் சி.ஏ.ஜி. என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது, குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக பி.சி.வி.சி. இருக்கிறது, மனநலம் பாதித்தவர்களுக்காக பானியன், மாற்றுத்திறனாளிகளுக்காக வித்யாசாகர். இவர்கள் காசு கொடுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாதம் போனால் ஏதாவது கற்றுக்கொண்டு வரலாம் என்று சொல்கிறேன்.

இதில் ஓர் எச்சரிக்கை. ‘மனித உரிமை இன்டர்ன்ஷிப், சான்றிதழ் உண்டு, பதிவுக் கட்டணம் இவ்வளவு’ என்று வாட்ஸ்அப்பில் வருமே, அதற்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வேலை செய்ய நீங்கள் காசு கட்டுவதாவது!

இப்போது மே மாதத்துக்கு வருவோம், இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். உயர்நீதிமன்றத்துக்கு மே முழுக்கக் கோடை விடுமுறை. விடுமுறைக்கால அமர்வு மட்டும் வாரத்தில் சில நாள் அவசர வழக்குகளைப் பார்க்கும். சிவில் கோர்ட்டுகளும் மூடியிருக்கும். ஆக, பொதுநல வழக்கு போடும் பெரிய வக்கீல் ஒருவரிடம் மே மாத இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது என்று குதித்துக்கொண்டு போனால், அவர் கொடைக்கானலில் இருப்பார், நீங்கள் அவருடைய குமாஸ்தாவோடு உட்கார்ந்து பழைய கேஸ் கட்டுகளைத் தூசி தட்டிக்கொண்டிருப்பீர்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளுக்கு அந்த விடுமுறை கிடையாது. மே மாதமானாலும் ஆளைப் பிடிப்பார்கள், ரிமாண்ட் செய்வார்கள். எழும்பூரும் சைதாப்பேட்டையும் ஜார்ஜ் டவுனும் நடக்கும், கெல்லீஸில் சிறுவர் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமம் நடக்கும், ஜெயில் திறந்துதான் இருக்கும். உங்கள் ஒரு மாதத்தை அங்கே கொண்டுபோய்ப் போடுங்கள்.

பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளும் இதற்குத் தோதாகவே இருக்கின்றன. ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும், மூன்றாண்டுக்கு 12 வாரம். எந்த வருடத்திலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. படிப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது விசாரணை நீதிமன்ற வக்கீலிடமும் மேல்முறையீட்டு வக்கீலிடமும் இருந்திருக்க வேண்டும். தொண்டு நிறுவனமும் அந்தக் கணக்கில் சேரும். அதனால் ‘இரண்டு மாதம் இருந்தால்தான் எடுப்போம்’ என்று யாராவது சொன்னால் இந்த விதியைக் காட்டலாம், உங்கள் செலவுக் கணக்கும் நான்கு வாரத்தோடு முடிந்துவிடும்.

என்ன வேலை கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘எந்த வேலையாக இருந்தாலும் செய்கிறேன்’ என்று எழுதினால் ஜெராக்ஸ் எடுக்க வைப்பார்கள். குறிப்பாகக் கேளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விசாரணைக் கைதிகள் பட்டியல் வேலையைக் கேட்பேன்.

அது என்ன என்றால், ஜெயிலில் தண்டனை ஆகாமல் இருப்பவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும்: பெயர், குற்ற எண், சட்டப்பிரிவு, ரிமாண்ட் தேதி, அடுத்த வாய்தா தேதி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 479-ஆம் பிரிவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குற்றத்துக்கு அதிகபட்சம் எத்தனை வருடம் தண்டனையோ அதில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டவரை ஜாமீனில் விட வேண்டும், இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டம் வருவதற்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட்டது. வீடு புகுந்து திருடியதாக, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவில் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சம் 7 வருடம். முதல்முறை என்றால் 2 வருடம் 4 மாதம். பட்டியலில் ரிமாண்ட் தேதியைப் பார்க்கிறீர்கள், 2 வருடம் 5 மாதம் ஆகிவிட்டது. ஆகா என்று மனுவுக்குக் குறித்துவிடாதீர்கள், அங்கேதான் சிக்கல் இருக்கிறது. அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்கிறது. அந்த ஆளுக்கு இன்னொரு ஸ்டேஷனில் ஏதாவது கேஸ் இருக்கிறதா? பட்டியலில் இருக்காது, அவரைத்தான் கேட்க வேண்டும், அவருக்கும் சரியாகத் தெரியாது, ‘அந்தக் கேஸ் முடிஞ்சிடுச்சும்மா’ என்பார், முடிந்திருக்காது. அதோடு வழக்கு இழுத்தது அவரால் என்றால் அந்த நாட்களையும் கழிக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு பெயராகத் துருவ வக்கீலுக்கு நேரமில்லை, ஜெயில் அதிகாரிக்கு ஆள் இல்லை. மனுப் போட வேண்டிய கடமை என்னவோ சட்டப்படி ஜெயில் கண்காணிப்பாளருக்குத்தான், அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவில் இருக்கிறது. ஆனால் கணக்குப் பார்த்துத் தர ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால்தான் காரியம் நடக்கும்.

இதைவிட மோசமான ஒரு கூட்டம் இருக்கிறது. ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள். கோர்ட் உத்தரவு போட்டாயிற்று, இரண்டு பேர் ஷூரிட்டி கொடுக்க வேண்டும், ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவருக்குச் சென்னையில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் இதற்கென்றே சில உத்தரவுகள் கொடுத்தது. ஜாமீன் ஆகி 7 நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும், ஆணைக்குழு ஒரு பி.எல்.வி.யையோ ஜெயிலுக்கு வரும் வக்கீலையோ அனுப்பி அவரிடம் பேச வைக்கலாம், ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே எடுத்துப் பார்க்கலாம். மத்திய அரசின் ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில், ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்குப் பண உதவி கிடைக்க வழி இருக்கிறது. அந்தக் கைதிக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஊரில் அவர் அம்மா நம்பரைக் கண்டுபிடித்து, போன் போட்டு, ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் வரவழைப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும். அந்த ஒரு வாரத்து வேலையை ஒரு மாணவி செய்யலாம். வாதாட முடியாது, வக்காலத்து போட முடியாது, அதெல்லாம் பதிவு செய்த வக்கீல் வேலை. ஜெயிலுக்குள் போக அனுமதியும் ஆணைக்குழு மூலமாகவோ வக்கீல் மூலமாகவோதான், நீங்களாகப் போய் கேட்டில் நிற்க முடியாது.

வீட்டில் ‘ஜெயிலுக்கா போற?’ என்று கேட்பார்கள். பெண்கள் சிறை என்று கேட்டு வாங்குங்கள், புழலில் அதற்குத் தனி வளாகம் இருக்கிறது, வீட்டிலும் கொஞ்சம் சமாதானம் ஆவார்கள். உங்களிடம் அந்தப் பெண்கள் பேசுவது போல ஒரு ஆண் வக்கீலிடம் பேசவும் மாட்டார்கள்.

இப்போது பணம். ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். ஜவுளிக்கடைக்குப் போகாததால் வருமான இழப்பு 14,000. மதியச் சாப்பாடு நாளுக்கு 80 என்று 24 நாளுக்கு 1,920. ஒயிட் போர்டு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் ஷேர் ஆட்டோ, அவசரத்துக்கு வேறு பஸ் என்று நாளுக்கு 40, மொத்தம் 960. ஜெராக்ஸ், பிரிண்ட், போன் ரீசார்ஜ் 500. ஆக 17,380 ரூபாய். அதை அப்படியே 17,380 என்று எழுதுங்கள், ‘சுமார் இருபதாயிரம்’ என்று உருட்டாதீர்கள், உருட்டினால் உதவி கேட்பது போல இருக்கும், கணக்காகக் கேட்டால் வேலைக்குக் கேட்பது போல இருக்கும். வருமான இழப்பை எழுதக் கூச்சமாக இருந்தால், அதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும் என்பேன். பஸ் செலவும் சாப்பாடும் எப்படியாவது சமாளித்துவிடுவீர்கள், உங்களைத் தடுப்பது அந்த 14,000-தான்.

யாரிடம் கேட்பது? மொத்தத்தையும் ஒரே ஆளிடம் கேட்காதீர்கள். உங்கள் கல்லூரியில் படித்து இன்று நன்றாக இருக்கும் வக்கீல்கள் சென்னையில் எக்கச்சக்கம், முன்னாள் மாணவர் சங்கம் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப் குழுவாவது இருக்கும். வக்கீல் சங்கங்களில் கேட்கலாம், பெண் வக்கீல்கள் சங்கத்தில் அவசியம் கேட்கலாம். உங்கள் பகுதி ரோட்டரி, லயன்ஸ் கிளப்புகள் ஜூலைக்குள் வருடக் கணக்கை முடிப்பார்கள், மார்ச் ஏப்ரலில் கையில் கொஞ்சம் பணம் மீதம் இருக்கும். அப்புறம், ‘இது நீ போடும் முதல்’ என்று சொன்ன சீனியர் இருக்கிறாரே, அவரிடமும் கேளுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ‘சார், நீங்கள் சொன்னதை யோசித்தேன், என்னிடம் அந்த முதல் இல்லை, நான்கு வாரத்துக்கு 5,000 ரூபாய் நீங்கள் போட முடியுமா’ என்று பவ்யமாகக் கேளுங்கள். கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அறிவுரை சொல்வது அவர்களுக்குப் பழக்கம், பணம் கொடுக்கச் சொல்லி யாரும் நேராகக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: ‘ஐயா / அம்மா, நான் நான்காம் ஆண்டுச் சட்ட மாணவி. மே மாதம் நான்கு வாரம், இன்ன அமைப்பில், விசாரணைக் கைதிகளுக்கான சட்ட உதவி வேலை செய்ய அனுமதி கிடைத்திருக்கிறது, கடிதம் இணைத்துள்ளேன். அமைப்பால் ஊதியம் தர இயலாது. கோடையில் நான் கடையில் வேலை செய்து குடும்பத்துக்குக் கொடுக்கும் தொகையையும் சேர்த்து எனக்கு 17,380 ரூபாய் தேவைப்படுகிறது, விவரம் கீழே. இதில் 5,000 ரூபாய் தாங்கள் ஏற்றால் உதவியாக இருக்கும். முடிவில் செய்த வேலையையும் செலவுக் கணக்கையும் எழுதி அனுப்புகிறேன்.’ உருக்கமாக ஒரு வரி கூட வேண்டாம். அப்பா மூட்டை தூக்குவதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. கேட்டால் சொல்லுங்கள்.

பணம் முடிந்தவரை கல்லூரி மூலமாகவோ அமைப்பு மூலமாகவோ வந்தால் நல்லது, உங்கள் ஜி-பே நம்பருக்கு நேராக வருவதைவிட. அந்த மாதம் நீங்கள் பார்க்கும் கைதியின் குடும்பத்திடமோ எதிர்த்தரப்பிடமோ ஒரு டீ கூட வாங்காதீர்கள். அவர்கள் அன்பாகத்தான் கொடுப்பார்கள், இருந்தாலும் வேண்டாம்.

17,380-உம் வராது என்று வைத்துக்கொள்வோம், பாதிதான் வந்தது. அப்போது நான்கு வாரத்தை இரண்டாக்குங்கள். இரண்டு வாரம் கோர்ட், மீதி இரண்டு வாரம் கடை. இரண்டு வாரம் கல்லூரிக் கணக்கில் சேருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் இந்த மே மாதம் கடைக்கே போங்கள், வருத்தப்படாதீர்கள். பி.எல்.வி.யாகச் சேர்ந்து செமஸ்டர் நடுவில் சனிக்கிழமைகளில் செய்யலாம். கடனை வாங்கி இன்டர்ன்ஷிப் செய்யாதீர்கள், அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடையில் நிற்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் வந்தது, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று. உங்கள் தளத்தில் எத்தனை ஸ்டூல் இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் என்ன சொல்கிறார்? நீங்கள் மே மாதமெல்லாம் நின்றுகொண்டிருக்கும் இடமே ஒரு பொதுநல விஷயம்தான், அதை வைத்துக் கல்லூரியில் ஒரு கட்டுரை எழுதலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தொழிலாளர் துறைக்கு ஒரு மனுப் போட்டு, சென்னையில் இதற்காக எத்தனை ஆய்வு நடந்தது என்று கேட்கலாம். வேலையை விட்ட பிறகு கேளுங்கள், முன்னால் வேண்டாம்.

போகும் இடத்தில் போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போடாதீர்கள். சிறுவர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். பெரியவர்கள் என்றாலும் அவர்கள் கஷ்டம் உங்கள் ஸ்டேட்டஸ் இல்லை.

கடைசியாக, தேதிகள். அமைப்புக்கான கடிதம் ஜனவரியிலேயே போய்விட வேண்டும், பணத்துக்கான கடிதங்கள் பிப்ரவரி, மார்ச்சில். இன்டர்ன்ஷிப் டைரியில் அந்தந்த வாரம் கையெழுத்து வாங்கிவிடுங்கள், நான்கு வாரம் முடிந்து மொத்தமாக நீட்டினால் அந்த வக்கீல் ஏதோ ஒரு கோர்ட்டில் இருப்பார், பின்னாலேயே அலைய வேண்டும். கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு போனஃபைடு சான்றிதழ் இப்போதே நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏப்ரலில் தேர்வு நேரத்தில் ஆபீஸில் ஆளைப் பிடிக்க முடியாது.